கையொப்பம் முதல் இணையம் வரை: நூலாசிரியரே பதிப்பாளரான வரலாறு

நூல் எழுதி முடிந்ததும் நூலாசிரியரின் பணி முடிந்துவிடுகிறது என்று மாணவர் பலர் கருதுவர். தமிழ் நூல்களின் வரலாற்றை ஊன்றிப் பார்ப்போர்க்கு உண்மை வேறாகத் தோன்றும். எழுதியவரே தாள் வாங்கி, அச்சுக்கூலி கொடுத்து, பிழை திருத்தி, கட்டுக்கட்டி, தோளில் சுமந்து விற்ற கதைகளே அவ்வரலாற்றில் மிகுதி. இன்று அப்பணிகளுட் பலவற்றைக் கணினி எளிதாக்கிவிட்டது. வீட்டில் அமர்ந்தபடியே ஒருவர் தம் நூலை உலகம் முழுவதும் வெளியிட இயலும். ஆயினும் வெளியிட்ட நூல் விலைபோகவில்லை என்னும் குறை நீங்கிற்றா என்றால், இல்லை என்றே விடை கூறவேண்டியுள்ளது. இக்குறையின் வேர் எங்குள்ளது என்பதை நூற்றைம்பது ஆண்டு வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏடும் புரவலரும் அச்சும்

ஓலைச்சுவடிக் காலத்தில் நூல்களுட் பல, புரவலர் ஒருவரின் வேண்டுகோளால் பிறந்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) இயற்றிய தலபுராணங்கள் பலவும் அவ்வவ்வூர்ப் பெருமக்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் பாடப்பெற்றவையே. நூல் முடிந்ததும் அவையோர் முன்னிலையில் அரங்கேறும். பொருளும் சிறப்பும் அங்கேயே வழங்கப்பெறும். அந்நாளில் நூலைக் கேட்போர் முன்னரே கூடியிருந்தனர். நூல்தான் பின்னர் வந்தது. இவ்வரிசையை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

1835ஆம் ஆண்டு, கவர்னர் ஜெனரல் பொறுப்பில் இருந்த மெட்காஃப் அச்சுக்கூடங்களின் மீதிருந்த கட்டுப்பாடுகளை நீக்கினார். அதன்பின் இந்தியரும் தாமே அச்சுக்கூடம் நிறுவும் உரிமை பெற்றனர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டு சென்னை சென்று அச்சு இயந்திரம் வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். தாம் எழுதிய பாலபாடங்களையும், தாம் பதிப்பித்த சைவ நூல்களையும் அதன் வாயிலாக வெளியிட்டார். நாவலர்க்கு இதில் ஒரு வசதி இருந்தது. அவர் பள்ளிக்கூடமும் நடத்தினார். பாலபாடத்தை வாங்குவோர் யார், படிப்போர் யார் என்பது அது அச்சேறும் முன்னரே அவருக்குத் தெரியும். பள்ளியும் அச்சகமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. பள்ளி இல்லாத புலவர்க்கோ இவ்வசதி இல்லை. அவர் வாசகரைத் தேடி ஊர் ஊராக அலைய நேர்ந்தது.

கையொப்பத்தால் வெளிவந்த சிந்தாமணி

அவ்வாறு அலைந்தோருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த ஐயர், அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியார் என்னும் முன்சீப்பைச் சந்தித்தார். அவர் தூண்டுதலால் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடம் கண்டு, அந்நூலை 1887ஆம் ஆண்டு சென்னையில் அச்சிட்டு வெளியிட்டார்.

ஆராய்ச்சிக்கு அவரிடம் புலமை இருந்தது. அச்சுக்குப் பணம் இல்லை. அதற்கு அவர் கையாண்ட வழி, அக்காலத்தில் வழங்கிய ‘கையொப்பம்’ என்னும் முறையாகும். நூல் அச்சேறும் முன்பே அன்பர்களை நாடி, ‘நூல் வெளிவந்ததும் இத்தனை படிகள் பெற்றுக்கொள்வேன்’ என்று பெயர் எழுதி வாங்குவதே இம்முறை. சிலர் முன்பணமும் தருவர். சிலர் பெயர் மட்டும் தருவர். பெயர் தந்தோர் அனைவரிடமும் உரிய காலத்தில் பணம் வந்து சேரும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. ஆகவே, கையொப்பத்தை நம்பி நூல் அச்சிடுவது துணிவான செயலே. அத்துணிவை ஐயர் மேற்கொண்டார். கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சுத்தாள்களைத் திருத்தினார். விடுமுறை முடிந்ததும் வகுப்பறைக்குத் திரும்பினார். பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) எனத் தொடர்ந்து வந்த பதிப்புகளுக்குச் சிந்தாமணியே வழிதிறந்தது.

இங்கு மாணவர் கருதத்தக்க செய்திகள் இரண்டு. முதலாவது, சிந்தாமணியைக் கேட்போர் கூட்டம் தானாக அமைந்துவிடவில்லை. ஒருவர் ஒருவராகச் சென்று, நூலின் அருமையை எடுத்துரைத்து, ஐயரும் அவர்தம் நண்பர்களும் உண்டாக்கிய கூட்டம் அது. இரண்டாவது, ஐயர் முதற்பதிப்போடு அமைந்துவிடவில்லை. மேலும் ஆராய்ந்து, திருத்தங்களுடன் 1907ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். தாமே பதிப்பாளராக இருப்பதன் பொறுப்பு விற்பனையோடு முடிவதன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

பாரதியார் வகுத்த திட்டம்

பாரதியாரின் அனுபவம் இதற்கு மாறானது. அவர் பாடல்களைப் பாடினோர் பலர். நூல்களைப் பதிப்பிக்க முன்வந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவரான பரலி சு. நெல்லையப்பர் 1917ஆம் ஆண்டு கண்ணன் பாட்டைச் சென்னையில் வெளியிட்டார். 1920ஆம் ஆண்டு கடையத்தில் வாழ்ந்தபொழுது, தம் படைப்புகள் அனைத்தையும் தாமே நூல்களாக வெளியிடும் திட்டம் ஒன்றைப் பாரதியார் வகுத்தார். நாற்பது நூல்கள், ஒவ்வொன்றும் 10,000 படிகள், ஆக நான்கு லட்சம் படிகள். அச்சுச் செலவுக்கு மட்டுமன்றி விளம்பரத்துக்கும் தனியே பொருள் ஒதுக்கி, நண்பர்களிடம் வட்டிக்குக் கடன் கேட்டுச் சுற்றறிக்கையும் விடுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைப்போல் தம் நூல்கள் வீடுதோறும் விற்பனையாகும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

பணம் வந்து சேரவில்லை. 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் பாரதியார் மறைந்தார். 1949ஆம் ஆண்டு சென்னை மாநில அரசு அவர் நூல்களின் பதிப்புரிமையைப் பெற்று, பின்னர் அவற்றைப் பொதுவுடைமையாக்கியது. அவர் எண்ணிய நான்கு லட்சம் படிகளுக்கு மேலாகவே இன்று அவர் நூல்கள் பரவியுள்ளன என்பதை எவரும் அறிவர்.

பாரதியாரின் கணக்கில் பிழை இருந்ததா? வாசகர் தொகையைப் பற்றிய கணக்கில் பிழை இல்லை. காலம் அதை மெய்ப்பித்துவிட்டது. ஆனால் நூலாசிரியர்க்கும் வாசகர்க்கும் இடையே பாலம் அமைப்பார் அன்று போதிய அளவில் இல்லை. விளம்பரத்துக்குத் தனியே பொருள் வேண்டும் என்று 1920ஆம் ஆண்டிலேயே உணர்ந்திருந்த ஒருவரால்கூட, தனியொருவராக நின்று அப்பாலத்தை அமைக்க இயலவில்லை.

சிங்கையிலும் மலாயாவிலும்

கடல் கடந்து வந்த தமிழர் வெறுங்கையோடு வரவில்லை. அச்சுக்கலையின் ஆர்வத்தையும் உடன் கொண்டுவந்தனர். சிங்கப்பூரில் அச்சான தமிழ் நூல்களுள் இன்று நமக்குத் தெரிந்தவற்றில் மிகப் பழையது, நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் முனாஜாத்துத் திரட்டு ஆகும். அஃது 1872ஆம் ஆண்டு வெளிவந்தது. சிந்தாமணி சென்னையில் வெளிவந்த அதே 1887ஆம் ஆண்டில், சிங்கப்பூரில் சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் இயற்றிய சிங்கை நகர் அந்தாதி, சிங்கையிலேயே அச்சாகி வெளிவந்தது. சிங்கை நேசனில் ஆசிரியரும் மகுதூம் சாயபுவே. எழுத்தாளரும் பெரும்பாலும் அவரே. 1888ஆம் ஆண்டு அவர் எழுதிய ‘விநோத சம்பாஷணை’ அவ்விதழிலேயே இடம்பெற்றது. அவ்விதழ் 1890ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

மலாயாவில் க. வெங்கடரத்தினம் எழுதிய ‘கருணாகரன் அல்லது காதலின் மாட்சி’ 1917ஆம் ஆண்டு வெளிவந்தது. இந்நாட்டுத் தமிழ் நாவல் வரலாற்றை அதிலிருந்தே தொடங்குவது மரபாகியுள்ளது. 1924ஆம் ஆண்டு தமிழ் நேசனும், 1935ஆம் ஆண்டு தமிழ் முரசும் தோன்றின. எழுத்தாளர்க்கு முதல் மேடையாகவும், நூல்களுக்கு விளம்பரப் பலகையாகவும் நாளிதழ்களே விளங்கின. கோ. சாரங்கபாணி அவர்கள் முரசில் நடத்திய மாணவர் மணிமன்றம் இளைஞர்களை எழுத வைத்தது. அவர்களையே வாசகராகவும் ஆக்கிற்று. எழுதுவோரும் படிப்போரும் ஒரே பண்ணையில் விளைந்தனர் எனலாம்.

நூல் வெளியிடும் பொறுப்பை ஏற்கப் பதிப்பகங்கள் மிகுதியாக இல்லாத நம் நாட்டில், எழுத்தாளர் பலரும் தம் சேமிப்பைக் கொண்டே நூல் அச்சிட்டனர். அதற்கு ஈடு செய்யப் பிறந்ததே நூல் வெளியீட்டு விழா. முதற்படியைப் பெருந்தொகை கொடுத்துப் பெறுவோர் ஒருவர். அவரைத் தொடர்ந்து வரிசையில் நின்று உறையில் அன்பளிப்பு வைத்து நூல் பெறுவோர் பலர். திருமண வீட்டு மொய் என்று சிலர் இதனை நகையாடுவதுண்டு. ஆராய்ந்து நோக்கின், இது பழைய கையொப்ப முறையின் மறுவடிவமே ஆகும். நூலாசிரியர் தம் வாசகரை முகம் பார்த்து அறிந்தார். வாசகரும் நூலின் தோற்றத்தில் தமக்கும் பங்குண்டு என்று உணர்ந்தார். குறை ஒன்று உண்டு. மண்டபத்திற்கு வந்தவரோடு விற்பனை நின்றுவிடும். எஞ்சிய கட்டுகள் ஆசிரியர் வீட்டு அறையில் உறங்கும்.

அன்று எஞ்சியவற்றை விற்கவும் ஒரு வழி இருந்தது. தோட்டங்களில் தமிழர் ஓரிடத்தில் கூடி வாழ்ந்தனர். கோயிலும் பள்ளியும் வாசகசாலையும் அருகருகே இருந்தன. அறிமுகமான ஓர் ஆசிரியர் இருந்தால் போதும், ஒரு தோட்டத்தில் பத்துப் படிகள் விலைபோகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் அவை செம்பனைக்கும் குடியிருப்புக்கும் இடம் கொடுத்தபோதும், அம்மக்கள் பட்டணங்களின் பல மூலைகளுக்கும் சிதறினர். வாசகர் மறைந்துவிடவில்லை, அவர்தம் முகவரிதான் மாறியது. அவர்களை மீண்டும் சென்றடைய ஒரு கருவி தேவைப்பட்டது.

கணினியும் இணையமும்

அக்கருவியை உருவாக்கிய முயற்சியில் இவ்விரு நாடுகளுக்கும் பெரும் பங்குண்டு என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியாகும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டு ‘முரசு’ என்னும் தமிழ்க் கணினிச் செயலியை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி (1946–1999) ஓர் ஆசிரியர், ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த விரிவுரையாளர், சிறுகதையாசிரியர். அவர் முயற்சியால் 1995ஆம் ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இடம்பெற்ற இணையப் பக்கத்தில் தமிழும் ஏறியது. 1997ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாடு ஒன்றையும் அவர் சிங்கையில் கூட்டினார். 2005ஆம் ஆண்டு பொங்கலன்று முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்தது.

2007ஆம் ஆண்டு அமேசான் நிறுவனம் கிண்டில் என்னும் மின்னூல் கருவியை அமெரிக்காவில் வெளியிட்டது. எழுத்தாளர் பதிப்பகத்தின் துணையின்றித் தாமே மின்னூல் வெளியிடும் வழியையும் அப்பொழுதே திறந்தது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளுக்கு அக்கடையில் முறையாக இடம் கிடைத்தது. அச்சு நூலிலும் மாற்றம் நேர்ந்தது. முன்பு எழுத்துக்கோப்புக்கும் அச்சுத்தகட்டுக்கும் ஆகும் செலவு பத்துப் படிக்கும் ஆயிரம் படிக்கும் ஒன்றே. ஆதலால் ஆயிரம் அடித்தால்தான் ஒரு படியின் அடக்கவிலை கட்டுப்படியாகும். இன்றோ தேவைக்கேற்ப ஐம்பது படிகளும் அச்சிடலாம். படி ஒன்றுக்கு ஆகும் செலவு சற்றுக் கூடினும், வீட்டு அறையில் கட்டுகள் உறங்கும் நிலை இல்லை.

இன்றைய இடர்ப்பாடுகள்

இத்தனை வசதிகளுக்கிடையே எஞ்சி நிற்கும் இடர்ப்பாடுகள் யாவை?

முதலாவது, எழுத்துரு. கடந்த தலைமுறையில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் நூல்களுட் பல, நிறுவனத்துக்கு ஒன்றாக வழங்கிய எழுத்துருக்களில் அமைந்தவை. யூனிகோட் முறைக்கு மாற்றினாலன்றி அவற்றை மின்னூலாக்க இயலாது. மாற்றும்பொழுது ஒற்றுகளும் கொம்புகளும் இடம் பிறழும். எழுத்தெண்ணிப் பிழை பார்த்தல் இன்றியமையாததாகும்.

இரண்டாவது, பிழை. பதிப்பகத்தில் நூலைச் செப்பனிட ஒருவர் இருப்பார். தாமே வெளியிடுவோர்க்கு அத்தகைய தடை இல்லை. அதனாலேயே காவலும் இல்லை. இன்று காலை கண்ட பிழையை இன்று மாலையே மின்னூலில் திருத்த முடியும். சிந்தாமணியின் திருத்திய பதிப்புக்கு இருபது ஆண்டுகள் ஆயின. வசதி பெருகிய அளவுக்கு அந்தப் பொறுப்புணர்ச்சியும் பெருகுதல் வேண்டும்.

மூன்றாவது, வாசகரை அறியாமை. இணையக்கடை எத்தனை படிகள் விலைபோயின என்று எண்ணிக்கை காட்டும். உரிய தொகையையும் செலுத்தும். வாங்கியவர் யார் என்று சொல்லாது. கையொப்பக்காரர் பட்டியலைக் கையில் வைத்திருந்த பழைய பதிப்பாசிரியர், அடுத்த நூலை யாரிடம் கொண்டு செல்வது என்பதை அறிந்திருந்தார். இணையத்தில் வெளியிடுவோர் ஒவ்வொரு நூலுக்கும் முதலிலிருந்தே வாசகரைத் தேடவேண்டியுள்ளது. எண்ணற்ற நூல்கள் அடுக்கப்பட்ட கடையில் தம் நூலும் இருப்பதனால் மட்டும் எவரும் அதைக் கண்டுகொள்ளப் போவதில்லை. முகநூலில் அறிவித்தால் பாராட்டுகள் குவியும். பாராட்டியோர் எல்லாரும் வாங்குவோர் ஆகார். ஆகவே வாசகர் பெயர்களைத் தாமே திரட்டி வைத்தலும், அவர்களுக்கு நேரே எழுதி அறிவித்தலும், படித்தோர் கருத்தைக் கேட்டுப் பெறுதலும் இன்றைய நூலாசிரியர்க்கும் தவிர்க்க இயலாத பணிகளாகின்றன. கையொப்பம் வாங்கும் வேலை இன்னும் ஒழியவில்லை என்பதே இதன் பொருள்.

நான்காவது இடர்ப்பாடே மிகக் கொடியது. ஒருவர் விலைகொடுத்து வாங்கிய நூலைப் படம் பிடித்துக் கோப்பாக்கிப் புலனக் குழுக்களில் பரப்பும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ‘தமிழ் வளரட்டும்’ என்னும் நல்லெண்ணத்தோடே பலர் இதனைச் செய்கின்றனர். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப் பின் ஐம்பது ஆண்டுகளும் அவர் படைப்புக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. சட்டத்தை விடுவோம். முந்நூறு படிகள் அச்சிட்ட ஓர் எழுத்தாளரின் நூல், இருநூறு பேர் கொண்ட ஒரு குழுவில் இலவசமாகப் பரவுமாயின், அவர் அடுத்த நூலை அச்சிடுவது எங்ஙனம்? தமிழை வளர்ப்பதாக எண்ணித் தமிழ் எழுதும் கையை முறிப்பது முறையாகுமா? பொதுவுடைமையான நூல்களைப் பரப்புவோர் வேறு. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகள் பழைய நூல்களை உரிமையோடு இணையத்தில் ஏற்றி அரும்பணி ஆற்றியுள்ளன. சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் ஏறத்தாழ 350 தொகுக்கப்பெற்று, 2015ஆம் ஆண்டு அந்நாட்டுத் தேசிய நூலக வாரியத்தின் வாயிலாக மின்வடிவம் பெற்றதும் அத்தகைய தொண்டே. இவற்றையும் திருட்டுப்படியையும் ஒன்றாக எண்ணுதல் கூடாது.

ஆசிரியர் கடமை

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. ஏடு அச்சானது, அச்சு மின்னூலானது. நூலை உருவாக்கும் செலவு தலைமுறைதோறும் குறைந்துகொண்டே வந்துள்ளது. வாசகரை உருவாக்கும் உழைப்பு மட்டும் ஒரு சிறிதும் குறையவில்லை. நாவலர்க்கு அவ்வுழைப்பில் துணை நின்றது பள்ளிக்கூடம்; ஐயர்க்குத் துணை நின்றோர் கையொப்பமிட்ட அன்பர்கள்; மலாயா எழுத்தாளர்க்குத் துணை நின்றவை நாளிதழும் தோட்டமும். பாரதியார்க்கு அத்துணை உரிய காலத்தில் வாய்க்கவில்லை. இன்றைய எழுத்தாளர்க்கு அது வாய்க்குமா என்பது பெரிதும் நம் கையில் உள்ளது.

நம் நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பள்ளி நூலகம் ஒவ்வொன்றும் நம் நாட்டு எழுத்தாளர் ஒருவரின் புதிய நூலில் இரண்டு படிகள் வாங்கினாலே ஆயிரம் படிகள் செலவாகிவிடும். பதிப்பாளர் எவரும் தரவியலாத உறுதி இஃது. நூலாசிரியரைப் பள்ளிக்கு அழைத்து மாணவரோடு உரையாடச் செய்யலாம். படித்த நூலைப் பற்றிப் பத்து வரி எழுதி ஆசிரியர்க்கு அனுப்புமாறு மாணவரைப் பணிக்கலாம். புலனக் குழுவில் திருட்டுப்படி வந்தால் அதை நீக்கிவிட்டு, நூல் கிடைக்கும் இடத்தையும் விலையையும் அறிவிக்கலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. மனம் இருந்தால் போதும்.

நூலை எழுதுவோர் எழுதட்டும். அதை வாங்கிப் படிக்கும் தலைமுறை வகுப்பறையில்தான் பிறக்கவேண்டும். ‘உன் நூலில் ஒரு படி எனக்கு’ என்று முதற் கையொப்பமிடும் கை ஓர் ஆசிரியருடையதாக இருக்குமாயின், அவரைப் பின்பற்றிக் கையொப்பமிட மாணவரும் வருவர்.